ஒற்றைப் புள்ளித் தீவும் இரட்டைப் புள்ளித் தீவும்

அச்சகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவளுக்கு, பைண்டிங் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வேலை பிடிபடாமல் போனது. ஐந்தாவது வரைதான் படித்தவள். பெரிய எழுத்தென்றால் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவாள். பொடி எழுத்து கண்ணுக்கு முன்னால் எறும்பாக ஊரும். எந்தப் படத்தை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்று தெரியாமல் பசைப் பிரஷ்ஷைப் பிடித்தபடி அவள் முழிப்பதை, புரூஃப் பார்ப்பவர் தம் அறையிலிருந்தே கண்டுகொண்டார். தண்ணீர் குடிக்க வருவதுபோல எழுந்து வந்தார். படக்கட்டில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகினார். சீட்டில் பென்சிலால் ஒரு புள்ளி. மாதிரிப் புத்தகத்தில் அந்தப் படம் போக வேண்டிய பக்கத்தின் ஓரத்திலும் ஒரு புள்ளி. அடுத்த கட்டுக்கு இரண்டு. தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று தொடங்கிய பழக்கம் பதினோரு வருடம் நடந்தது. இருவரையும் தவிர ஆண்டவனுக்கு மட்டுமே அந்தப் புள்ளிகள் எதற்கென்று தெரியும்.

அவர் அந்தச் சின்ன அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காது உடைந்து, நூல் கட்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தமக்கை வீட்டில் சாப்பாடு. எதைப் படித்தாலும் உதடு அசையும். மெஷின்காரர் அதைப் பார்த்து, "ஐயா மந்திரம் ஓதுறாரு, யாரும் கிட்டப் போகாதீங்க" என்பார். அதற்கும் சேர்ந்து சிரிப்பாரே தவிர, கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

ஒரு தடவை ஏழாம் வகுப்புப் பூகோளப் புத்தகம் வந்தது. அதில் இரண்டு குட்டித் தீவுகளைப் பற்றி ஒரு பாடம். இரண்டையும் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரே நாடுதான் ஆள்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா கேட்டாள்.

"அண்ணே, இதுல என்னதான் எழுதியிருக்கு?"

"ஒரு தீவு மணல், தங்கச்சி. வளையல் மாதிரி வட்டமா கெடக்கு, நடுவுல தண்ணி. மேடுன்னு பார்த்தா ஒரு ஆள் உயரம் இல்ல. ஆறு கெடையாது, மழைத்தண்ணியத் தொட்டியில பிடிச்சு வெச்சுக் குடிக்கிறாங்க. ஆளுற நாட்டுலேருந்து ஒரு அதிகாரி வருவாரு, அவரு வெச்சதுதான் சட்டம். இன்னொண்ணு கடலுக்குள்ளேருந்து கெளம்பின மலை. அங்க ஜனங்களே ஏழு பேரத் தேர்ந்தெடுத்து சபை நடத்துறாங்க. அதிகாரி கையெழுத்துப் போடறதோட சரி."

"அதென்ன ஞாயம்? மேட்டுல இருக்கறவனுக்கு மட்டும்தான் வாயா?"

அவர் சோற்றுக் கையோடு சிரித்துவிட்டார். "மலைத்தீவுல கப்பல் நிக்கவே எடமில்ல. வருசத்துக்கு நாலு தடவை வந்தா பெருசு. அப்புறம் அவங்க பாட்டை அவங்கதானே பார்த்துக்கணும்? மணல் தீவுல நடுத்தண்ணி அலையில்லாம கெடக்கு, கப்பலைக் கட்டிப்போட அருமையான எடம். அதை விட்டுக்குடுக்க எவனுக்கு மனசு வரும்?"

அக்காவுக்கு அது மனதில் தைத்தது. நல்ல இடத்தில் பிறந்ததே அந்த ஜனங்களுக்கு வினையாகிவிட்டதே என்று அன்று சாமி கும்பிடும்போதுகூட நினைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு படங்களிலும் பெயர் அச்சிடவில்லை. பிள்ளைகளே எழுதிப் பழகட்டும் என்று விட்டிருந்தார்கள். ஒற்றைப் புள்ளி மணல் தீவு, இரட்டைப் புள்ளி மலைத்தீவு. ஒட்டத் தொடங்கும் நேரம் பார்த்துப் பசைச்சட்டி கவிழ்ந்தது. பதறிப்போய் இரண்டு கட்டையும் வாரி எடுத்தாள். சீட்டுகள் நழுவிப் பசையில் விழுந்தன.

"என்னக்கா, தீவு ரெண்டும் கடல்ல முழுகிருச்சா?" என்றார் மெஷின்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

புரூஃப் அறை ஆறு அடி தூரம். போய்க் கேட்டிருக்கலாம். இத்தனை பேருக்கு முன்னால் எப்படிக் கேட்பது என்று கூச்சம். ஒரு படத்தில் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டமாகக் கோடுகள். மற்றதில் அங்கங்கே அறுந்து கிடக்கும் ஒரு கோணல் கோடு. வளையல் என்றாரே, இதுதான் மணல் தீவு என்று முடிவுகட்டி ஒற்றைப் புள்ளியைச் செருகினாள். மலையின் உயரத்தைக் காட்டத்தான் அப்படிக் கோடு போடுவார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது?

இரண்டாயிரம் புத்தகம் போய்விட்டது. மூன்றாம் வாரம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"யார் பார்த்த வேலை இது?"

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அக்கா தரையைப் பார்த்தாள்.

"முதல் பிரதியப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தாங்க. தப்பு என்னோடது" என்றார் புரூஃப் பார்ப்பவர்.

"கண்ணு தெரியாட்டி சொல்லித் தொலைக்கிறதுதானே? இந்த மாசத்தோட நின்னுக்கங்க."

அதன்பிறகு அவர் நடந்து போனால், "ஐயா, சுவரு சுவரு, இடிச்சுக்காதீங்க" என்று கேலி. ஒவ்வொரு கேலியும் அக்காவுக்குச் செருப்படியாக விழுந்தது. திரும்பி வந்த புத்தகங்களில் ஈரத்துணி வைத்துப் படத்தை உரித்து மாற்றி ஒட்டுகிற வேலையும் அவளுக்கே வந்தது. அந்தக் கட்டுகளுக்கும் அவர்தான் சீட்டு வைத்தார். வீட்டில் சாமி முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு உடனே நகர்ந்துவிடுவாள். எந்த முகத்தோடு கேட்பது?

அவருடைய கடைசி நாள் காலையில் முதலாளியிடம் போய் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். முதலாளி தலையை நிமிர்த்தவே இல்லை. "இப்ப வந்து சொல்லி என்னம்மா பண்றது? வேற ஆளு நாளைக்கு வர்றாரு. போய் வேலையப் பாரு." தண்டனையாவது கிடைக்கும் என்று நினைத்தாள். அதுவும் இல்லை.

சாயங்காலம் வாசலில் புரூஃப் பார்ப்பவரை மறித்தாள். கையில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான் அவர் சாமான்.

"அண்ணே, சீட்டை மாத்தி வெச்சது நான். அன்னிக்கே சொல்லாம உங்களைப் பலி குடுத்துட்டேன்."

"கடுதாசி வந்தன்னிக்கே சீட்டைப் பார்த்தேன் தங்கச்சி, பசை காஞ்சிருந்துச்சு, அப்பவே புரிஞ்சுது. ஆனா உன் வேலையாச்சே, சரியாத்தான் இருக்கும்னு பக்கத்தைப் புரட்டாம கையெழுத்துப் போட்டேன் பாரு, அது என் தப்புதான்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்தார். நாலடி போனவர் திரும்பி நின்று சொன்னார்.

"நாளைக்கு வர்றவருக்கு நம்ம புள்ளியெல்லாம் தெரியாது. தெரியலைன்னா நேராப் போய்க் கேளு. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்."