இரண்டு தெர்மாமீட்டரையும் நம்பாதவர்

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு இந்திராணியக்காவின் எண்ணிலிருந்து நம் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கிளே நகை செய்கிற நம் எல்லோருக்கும் அந்த நேரத்தில் அவரிடமிருந்து தினமும் ஒரு செய்தி வரும். இன்று வெயில் அதிகம், கிளேயை ஜன்னலோரம் வைக்காதீர்கள். இன்று காற்று, தூசி ஒட்டும். இன்று மழை வரலாம், கரண்டு போகலாம், ஓவனை நம்பாதீர்கள். இன்று பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருநாளும் வந்ததில்லை. ஆகவே பழகிய கையோடு, படிக்காமலே, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம். ஒன்பது பேர். நான் மூன்றாவது.

செய்தியை அனுப்பியவர் அவருடைய கணவர் சுப்பையா அண்ணன். இந்திராணி விடியற்காலையில் நெஞ்சுவலியில் தவறிவிட்டாள் என்று எழுதியிருந்தார். அதன்பின் ஒவ்வொருவராகக் கட்டைவிரலை இறக்கிக்கொண்டோம். அவர் ஏழு வருடமாக நம்மிடம் கெஞ்சியது ஒன்றைத்தான்: ஒரு காரியத்தைச் செய்யும் முன் கொஞ்சம் பாருங்கள் என்று.

இதை நம் வீட்டார்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். நாம் கிளே என்று சொல்வது மண் அல்ல. பிசையக்கூடிய ஒருவகைப் பிளாஸ்டிக். காற்றில் எத்தனை நாள் வைத்தாலும் காயாது. ஓவனில் நூற்று முப்பது டிகிரிக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் வெந்தால்தான் நகை. சூடு குறைந்தால் காதில் இருக்கும்போதே உடையும். கூடினால் கருகி, வீட்டில் யாரும் நிற்க முடியாத புகை வரும். இந்த இரண்டு கேடுகளுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான வழியில் இந்திராணியக்கா குடியிருந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அவர் வேதியியல் ஆய்வக உதவியாளர். பிளஸ் டூ மாணவர்கள் அமிலம் ஊற்றுவதை இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு மனிதர்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க முடியுமோ அவ்வளவுதான் இருந்தது.

அவருடைய ஓவனுக்குள் இரண்டு தெர்மாமீட்டர்கள் தொங்கும். இரண்டும் ஒரே கணக்கைக் காட்டியதாக வரலாறு இல்லை. ஒன்று போதாதா என்று கேட்டேன். “ஒண்ணு மட்டும் இருந்தா அது சொல்றத நம்பிருவோம்ல” என்றார். தத்துவ நூல்கள் இதைச் சொல்ல முந்நூறு பக்கம் எடுத்துக்கொள்கின்றன.

ஒருமுறை கண்காட்சிக்கு முதல்நாள் அவர் வீட்டில் கரண்டு இல்லை. வேகாத பச்சைக் கிளேயில் செய்த மல்லிகை மொட்டுகளைப் புதுக்கோட்டைக்கு எடுத்து வாருங்கள், என் ஓவனில் வேகவைப்போம் என்று நான்தான் வற்புறுத்தினேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு ஏறிய ஒருவர், இறக்கிவைக்க இடமில்லாமல், இவர் மடியைக் கொஞ்சம் கடன் கேட்டார். என் வீட்டில் டப்பாவைத் திறந்தபோது அறுபது மொட்டுகளும் ஒரே வடகமாக இருந்தன. புது டிசைன் என்று சொல்லி விற்றுவிடலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. “நீங்க சிரிங்க. இனிமே பச்சைக் கிளே என் வாசப்படிய தாண்டாது” என்றார். தாண்டவும் இல்லை.

அந்த ஓவன் பின்னறையில், எப்போதும் திறந்திருக்கும் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. கிளே வெந்த ஓவனில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாது என்பது நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டு, பாதிப் பேர் கடைப்பிடிக்கிற விதி. அவர் முழுதாகக் கடைப்பிடித்தார். சுப்பையா அண்ணனின் அக்கா அழகம்மாளுக்கு இது விளங்கவில்லை. வீட்டில் ஓவன் இருக்கிறது, ஒரு கேக் வராது என்றால் அது என்ன வீடு என்பது அவர் வாதம். ஒருநாள் மாவைக் கலக்கிக் கிண்ணத்தில் ஊற்றி, அடுத்த தெருவிலிருந்து தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இந்திராணியக்கா ஓவனின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மாவு திரும்பிப் போனது. நாத்தனாரும் தம்பி மனைவியும் இரண்டு மாதம் பேசவில்லை.

இனி செல்வியைப் பற்றி. இந்திராணியக்காவின் ஊர்க்காரர், நம் குழுவில் வயதில் இளையவர், வாய் பேசுவதில் கடையவர். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துத் தோல் உரிந்த கையால் நம் யாருக்கும் வராத மெல்லிய இதழ்களைச் செய்கிறவர். அவர் வீட்டில் ஓவனும் இல்லை, அதைத் தாங்கும் வயரிங்கும் இல்லை. இந்திராணியக்கா வீட்டுப் பின்னறையில்தான் செய்வார். புதுக்கோட்டை நாட்டியப் பள்ளி ஒன்று, சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு பெண்களுக்குத் தாமரைத் தோடு கேட்டது, செல்வியின் பெயரிலேயே. முதல்முறையாக. சொன்ன நாளில் கொடுக்க முடியாவிட்டால் இந்த விளையாட்டை விட்டுவிட்டுக் கொட்டை உடைக்கப் போக வேண்டும் என்று மாமனார் சொல்லியிருந்தார். செல்வியும் சம்மதித்திருந்தார்.

புதன்கிழமை மாலை இருபத்துநான்கு தோடுகளும், ஓவனில் வைக்கிற பீங்கான் ஓடுகளின் மேல் தயாராக இருந்தன. அன்றே போட்டிருக்கலாம். “சாயங்காலம் வோல்டேஜ் நிக்காதுத்தா. காலையில வா, போட்ருவோம்” என்று இந்திராணியக்கா அனுப்பிவிட்டார். காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை, பால் தெளித்து முடிந்த பிறகு நான் போனேன். செல்வி பின்னறை வாசலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை ஒரு குழந்தை அந்தப் பக்கம் ஓடும்போதும் அழுகை நின்று கழுத்து திரும்பியது. உள்ளே யாரோ துணிப்பையை ஓடுகளுக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் வைத்திருந்தார்கள். ஃபேன் வேறு ஓடியது. இருபத்துநான்கு தாமரைகளும் மெத்தென்று, பச்சையாக, யாருடைய முழங்கைக்கோ காத்திருந்தன.

“நான் எப்டிக்கா கேப்பேன்?” என்றார் செல்வி மெதுவாக. “அக்காவ எரிச்சு இன்னும் சாம்பல் ஆறல.”

பச்சைத் தோடுகளை என் ஓவனுக்குப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது; கேட்பது என் வேலை என்று புரிந்தது. நான் அரைமணி நேரம் வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினேன். கடைசியில் சுப்பையா அண்ணனிடம் சொன்னபோது அவர் தம் அக்காவைப் பார்த்தார். எல்லோரும் அழகம்மாளைப் பார்த்தார்கள். காரியம் முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஓவன் அடுப்பா இல்லையா என்று கூடத்தில் ஒரு விசாரணை தொடங்கியது. நெருப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் தீட்டில்லை என்றார் ஒரு பெரியவர். சூடு வந்தால் நெருப்புதானே என்றார் இன்னொருவர். அப்படியானால் நீங்கள் சார்ஜ் போட்டிருக்கிற செல்போனும் சுடுகிறதே என்றார் முதலாமவர். இரண்டாமவர் எழுந்துபோய் அதைப் பிடுங்கிவிட்டு வந்தார். கொள்கை உள்ள மனிதர். செல்வி இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும்.

அழகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“அது அடுப்பு இல்ல” என்றார். “ஏழு வருசம் கேட்டேன். ஒரு துண்டு கேக்கு அதுல வேகல. கைய விரிச்சுக்கிட்டு நின்னா மகராசி, இது அடுப்பு இல்ல மதினி, இது அடுப்பு இல்ல மதினின்னு. நான் ஒத்துக்கல. இப்ப ஒத்துக்கறேன். போடு புள்ள.”

செல்வி ஓடுகளை உள்ளே வைத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தெர்மாமீட்டர் நூற்றுப் பதினெட்டு என்றது. மற்றது நூற்று முப்பத்துநான்கு. எது சரி என்று அண்ணனிடம் கேட்டோம்.

“அவ ரெண்டையும் நம்ப மாட்டா” என்றார். “பக்கத்துலயே உக்காந்திருப்பா.”

உட்கார்ந்தோம். செல்வி, நான், அழகம்மாள். வாசனை மாறுகிறதா என்று மூவரும் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தோம். பல்பு இரண்டுமுறை மங்கியது. இரண்டுமுறையும் செல்வி என் மணிக்கட்டைப் பிடித்த இடத்தில் தடம் விழுந்தது. அரைமணி நேரம் என்பது எவ்வளவு பெரியது என்று, ஐந்து வருடமாகக் கிளே வேகவைக்கும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறிய பிறகு செல்வி ஒரு இதழை வளைத்துப் பார்த்தார். வளைந்தது, உடையவில்லை. அழகம்மாள் அப்போதுதான் சத்தம்போட்டு அழ ஆரம்பித்தார்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்குச் செல்வியோடு நானும் போனேன். நாட்டியத்தைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல இயலாது. நாங்கள் காதுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு பெண்கள் தரை அதிரக் குதித்தார்கள். ஒன்றும் விழவில்லை. முடிந்ததும் செல்வி மேடைக்குப் பின்னால் போய் ஒவ்வொரு பெண்ணின் காதையும் பிடித்துப் பார்த்தார். ஒன்பதாவது பெண்ணின் இடது காதுத் தோட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். டீச்சர் கவனிக்கவில்லை. யாருமே கவனித்திருக்க மாட்டார்கள். “இது சரியில்லைங்க டீச்சர், மாத்தித் தாரேன்” என்று செல்வியே காட்டினார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன், பயனில்லை. டீச்சர் தோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கும் தோடு வேண்டும் என்று தேதி சொன்னார். மாற்றுத் தோட்டை எந்த ஓவனில் போடுவது என்ற கேள்வி எழவில்லை. அழகம்மாள் பின்னறைச் சாவியை ஏற்கெனவே செல்வியிடம் கொடுத்திருந்தார்.

இந்திராணியக்காவிடமிருந்து செல்வி எடுத்துக்கொண்டது, அந்த விரிசலைக் கண்டு தானே காட்டும் குணம். அது எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கிள்ளியிருக்க மாட்டேன். என்னிடம் தங்கியது வேறு. முன்பெல்லாம் நான் ஓவனைப் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போவேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்காருகிறேன். அரைமணி நேரமும் ஒன்றும் நடப்பதில்லை. எழுந்து போகத்தான் பயமாக இருக்கிறது.