கஸ்பார் தோணியில் ஏறிய பூட்ஸ்

தூத்துக்குடிக் கடலில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு, தோணியை அனுப்பு என்று கூப்பிடும். ராஜாங்கத்துக் கப்பலானாலும் அதே கதிதான். தோணி ஓட்டும் தண்டல்களில், கூப்பிட்டால் முதலில் போகிறவர் புன்னைக்காயல் கஸ்பார். அவருக்கென்று இருந்தது மனைவி கிருபையும் சொந்தத் தோணியும். அவருக்கு யார்மேல் பாசம் அதிகம் என்று கிருபையிடம் கேட்டால் அடிக்க வருவாள். தோணிமேல் அவளுக்கு அவ்வளவு பொறாமை.

மாதா பேர் வைத்த தோணி அது. செருப்புக் கால் பட்டதே கிடையாது. சரக்கு முதலாளியே வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கடல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது.

நாற்பத்திரண்டாம் வருஷம், கிழக்கே ஜப்பான்காரனிடம் அடி வாங்கிய பட்டாளம் ஒன்று கப்பலில் வந்து சேர்ந்தது. தோற்று ஓடி வந்தார்கள் என்று சொன்னால் ஜெயில். ‘திட்டமிட்ட பின்வாங்கல்’ என்று சொல்ல வேண்டுமாம். திட்டம் போட்டவர்கள் சாப்பாட்டை மட்டும் மறந்திருந்தார்கள்.

“பூட்ஸக் கழத்திட்டு ஏறச் சொல்லுங்க, தொரை” என்று, அவர்களைக் கரைசேர்க்கத் தோணியோடு போன கஸ்பார் பட்டாளத்து மேஜரிடம் சொன்னார்.

மேஜருக்கு முகம் சிவந்தது. சிப்பாய்களோ சிரித்துக்கொண்டே கழற்றினார்கள். யுத்தம் தொடங்கியதிலிருந்து அவர்களுக்குப் பிடித்த ஒரே உத்தரவு அதுதான். பூட்ஸ்களை மூட்டை கட்டிப் பின்னால் வந்த தோணியில் ஏற்றினார்கள். காற்று விழுந்து அந்தத் தோணி நடுக்கடலில் நின்றுவிட்டது. பட்டாளம் வெறுங்காலோடு, சுடுமணலில் குதித்துக் குதித்து, ரயிலடிக்கு நடந்தது.

பலசரக்குக் கடை தாணுலிங்கம் அண்ணாச்சி பார்த்தார்.

“ஏலே, பூட்ஸ மாட்டக்கூட நேரமில்லாம ஓடியாந்திருக்கானுவ. ஜப்பான்காரன் பின்னாலயே வாரான்லே!”

சாயங்காலத்துக்குள் பாதி ஊர் காலி. ஸ்ரீவைகுண்டம் சாலையில் வண்டிக்குப் பின் வண்டி. கல்லாப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்ட அண்ணாச்சி, மாமியாரை மறந்துவிட்டுப் போனார். மறந்ததாகத்தான் இன்றும் சொல்கிறார்.

சர்க்காருக்குக் கோபம் வந்தது. பீதியைக் கிளப்பியது கஸ்பாராம்.

“நான் வாயே தொறக்கலியே, தொரை!”

அதையெல்லாம் யார் கேட்டார்கள்? எதிரி கையில் சிக்கக்கூடாது என்று சொல்லித் தோணியைப் பறித்து, மணலில் இழுத்துப் போட்டார்கள். மேஜர் பூட்ஸ் காலோடு ஏறி, முன்னும் பின்னும் நடந்து சோதனை போட்டார்.

“என்னைய ஜெயில்ல போடுங்க, தொரை. தோணி மட்டும் தண்ணியில கெடக்கட்டும். வெயில்ல காஞ்சா பலகை வாய் பொளந்துரும்” என்று கஸ்பார் அழுதார். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். தோணி வெயிலில்தான் கிடந்தது.

ஜப்பான்காரன் வரவில்லை. அண்ணாச்சி வந்தார், அரிசியை இரட்டை விலைக்கு விற்றார். மாமியார் கதவைத் திறக்கவில்லை என்பது வேறு கதை.

அடுத்த கோடையில் தோணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பலகைக்குப் பலகை கை நுழைகிற இடைவெளி. யுத்த சேவையைப் பாராட்டிக் கஸ்பாருக்கு ஒரு பரிசும் வந்தது: யாரும் உரிமை கொண்டாடாத பூட்ஸ் ஒரு ஜோடி.

மறுநாள் அவர் அந்தப் பூட்ஸை மாட்டி, கோடாலியோடு தோணியில் ஏறினார். கிருபை பதறி ஓடி வந்தாள்.

“மாதா தோணியில பூட்ஸோடயா ஏறுதீரு?”

“தோணி எங்கன இருக்கு? இது அடுப்புல வைக்கிற வெறவுளா. ஆணி குத்தும், தள்ளி நில்லு.”

கிருபைக்குத் தோணிமேல் இருந்த பொறாமை அன்றோடு போயிற்று. மணலில் உட்கார்ந்து, கூடப்பிறந்தவள் செத்ததுபோல் அழுதாள்.