பணம் உங்களுடையதுதான், எடுக்கத்தான் முடியாது

வெளிநாட்டில் வாடகைக் கார் ஏற்பாடு செய்து கொடுக்கிற இந்தத் தொழிலில் காருக்கு நான் பயந்ததே இல்லை; கவுண்டரில் அட்டையைத் தேய்க்கிற அந்த அரை நிமிடத்துக்குத்தான் பதினோரு வருசமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

சிவகாசியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என் டிராவல்ஸ். டிக்கெட், விசா, ஓட்டல், கார் எல்லாம் பார்க்கிறோம். பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'டிராவல்ஸ் பாய்' என்றால் வழி காட்டுவார்கள். கூட வேலை பார்ப்பது பாண்டியம்மாள். பதினைந்து வருசம் தீப்பெட்டிக் கம்பெனியில் இருந்துவிட்டு, நாற்பது வயதில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு வந்த பெண். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அவளுக்குப் பதில் சட்டென்று வரும், ஆபீஸ் அப்படியே ஓடுகிறது. ஏர்போர்ட் கார் கவுண்டரில் நின்று வியர்த்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வரிசையில் நின்று அடிபட்டவர்கள்.

அட்டை யார் பேரில்?

தொழிலுக்கு வந்த புதிதில் லேபிள் பிரஸ் வைத்திருக்கும் ஒருத்தரையும் அவர் சம்சாரத்தையும் பினாங்குக்கு அனுப்பினேன். காருக்கு டெபாசிட் உண்டு, கிரெடிட் கார்டு வேண்டும் என்றெல்லாம் ஒழுங்காகச் சொல்லித்தான் அனுப்பினேன். அவரும் தலையைத் தலையை ஆட்டினார். அங்கே போய் இறங்கினால், கார்டு அந்தம்மா பேரில் இருக்கிறது, லைசென்ஸ் அவர் பேரில் இருக்கிறது. ஓட்டுகிறவர் பேரில் கார்டு இல்லை என்றால் சாவி கிடையாது என்று கவுண்டர்காரர் சொல்லிவிட்டார்.

எனக்குப் போன் வந்தபோது பகீரென்றது. பணம் கட்டியாகிவிட்டது, கார் கண்ணெதிரே நிற்கிறது, இரண்டு பேரும் பெட்டியோடு நடுவழியில் நிற்கிறார்கள். கடைசியில் டாக்சி பிடித்துத்தான் போனார்கள். அன்றைக்கு அந்தம்மா போனை வாங்கி என்னிடம் கேட்டது இது: "இந்தக் கார்டுக்கு மாசா மாசம் பில்லு கட்டுறதே அவுகதான் தம்பி. அத இந்த ஆளுக்கு நான் எந்தப் பாசையில சொல்லட்டும்?"

ரொக்கம் செல்லாது

அதற்கப்புறம் நான் உஷார். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், குருசாமி அண்ணாச்சி வருகிற வரைக்கும்.

அண்ணாச்சிக்கு விஸ்வநத்தத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. ஒரு காலத்தில் லோடு வண்டி ஓட்டியவர், அப்புறம் சொந்தமாகக் கம்பெனி போட்டார். ஒரே மகள் சுபா, துபாயில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஒரு தடவை உள்ளே போனால் கரைக்கு வர ஒரு மாதம் ஆகும், போனும் சரியாகக் கிடைக்காது. மகள் நிறைமாதம். தீபாவளி முடிந்து கம்பெனி ஓய்ந்திருந்த நேரம், அண்ணாச்சியும் சம்சாரம் மாரியம்மாளும் கிளம்பிவிட்டார்கள். மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, கூட்டிவர, பத்து நாளைக்கு ஒரு நல்ல பெரிய கார் வேண்டும். தானே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

டெபாசிட் என்று நான் வாயைத் திறந்ததும் மடியிலிருந்து ஒரு ரூபாய்க் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். ரொக்கத்தை அங்கே சீந்த மாட்டார்கள், உங்கள் பேரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்றேன். மனிதர் பேயடித்த மாதிரி என்னைப் பார்த்தார். முப்பது வருசத் தொழிலில் கார்டு என்ற ஒன்றை அவர் தொட்டதே இல்லை. பேங்கில் டெபாசிட் போட்டு, அதன்மேல் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு கார்டு வாங்கிக்கொடுத்தோம். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணிக் குடுக்குற ரூவாய நம்ப மாட்டான், என் பேரு போட்ட பிளாஸ்டிக்க நம்புவானாக்கும். நல்ல ஊருய்யா."

துண்டு போட்ட இடம்

துபாயில் போய் இறங்கிய ஒரு மணி நேரத்தில் போன். குரலே சரியில்லை. சாவி கைக்கு வந்துவிட்டது, ஆனால் செல்லுக்கு அடுத்தடுத்து இரண்டு மெசேஜ் வந்திருக்கிறது. ஒன்று வாடகை, இன்னொன்று அதைவிடப் பெரிய தொகை. "பாய், ரெண்டு தடவ உருவிட்டான். நான் இப்ப போலீசுக்குப் போகவா, எம்பசிக்குப் போகவா?" என்கிறார்.

நான் பதறிப்போய், எங்கேயும் போகாதீர்கள் அண்ணாச்சி என்று விளக்கினேன். இரண்டாவது மெசேஜ் டெபாசிட். அதை அவன் எடுக்கவில்லை, உங்கள் கார்டிலேயே பூட்டி வைத்திருக்கிறான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. சீட்டு பஸ்ஸிலேயேதான் இருக்கிறது, ஆனால் வேறு யாரும் உட்கார முடியாது. உங்கள் பணம் உங்களிடமேதான் இருக்கிறது, வண்டியை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால் துண்டை எடுத்துவிடுவான் என்றேன். எனக்கே என் விளக்கம் பிடித்துப்போயிற்று. அண்ணாச்சி 'ம்' போட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் கேட்டார்: "அது சரி பாய், துண்டு போட்டவன் எப்ப எந்திரிப்பான்?"

கழிச்சுக்கிடட்டும்

'வண்டியைக் கொடுத்ததும்' என்றுதான் பதில் சொன்னேன். அது பாதிதான் உண்மை. அந்த ஊரில் வேகமாகப் போனதற்கான அபராதமும் சுங்கச் சாவடிக் கணக்கும் மெதுவாக வந்து சேரும். அதெல்லாம் வரும் வரைக்கும், வண்டியைக் கொடுத்த பிறகும் மூன்று வாரம் வரை டெபாசிட்டை விடமாட்டார்கள். புக்கிங் தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதை நான் அப்போது யாருக்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், கமிஷன் போய்விடும். எத்தனையோ பேர் போய் வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று நானும் விழுங்கிக்கொண்டே வந்தேன்.

பத்து நாள் முடிந்து நாலாவது நாள் கார் கம்பெனியிலிருந்து எனக்கு மெயில். வண்டி திரும்பவில்லை, இன்றைக்குள் வரவில்லை என்றால் போலீசில் புகார் கொடுப்போம் என்கிறார்கள். ஏதோ விபத்து என்றே முடிவு கட்டிவிட்டேன். போன் போட்டால், அண்ணாச்சி சிக்னலில் நிற்பதாகச் சாவகாசமாகப் பேசுகிறார். மகளுக்கு நாள் நெருங்கிவிட்டதாம், அதனால் வண்டியை வைத்துக்கொண்டாராம். யாரிடமும் சொல்லவில்லை.

வாடகை முடிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ்கூட இருக்காது அண்ணாச்சி, அறிவு வேண்டாமா என்று கத்திவிட்டேன். அவருக்கு என் கோபமே விளங்கவில்லை. எனக்கு அவர் கணக்கு அப்புறம்தான் விளங்கியது. நம் பட்டாசுத் தொழிலில் வெளியூர் வியாபாரி சீசனுக்கு முன்னால் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். அப்புறம் எத்தனை லோடு போனாலும் அதில் கழித்துக்கொண்டே வருவோம், யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அந்த வழக்கத்தை அப்படியே துபாய்க்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் மனிதர். அன்று சாயங்காலமே வண்டியைக் கொடுக்க வைத்தேன். கூடுதல் நாலு நாளுக்கு வாடகையை ஏற்றி, கார்டில் தனியாக எடுத்துக்கொண்டார்கள், டெபாசிட்டும் அப்படியே பூட்டிக் கிடந்தது. அவர் அன்று சொன்னதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை: "எதுக்குப் பாய் கத்துறீக? நம்ம அட்வான்சு அம்புட்டும் அவன்ட்டதான கெடக்கு, நாலு நாளு வாடகையக் கழிச்சுக்கிடட்டும்."

பதினொரு மிஸ்டு கால்

அதற்கு மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கி, செருப்பைத் தேடிக்கொண்டே செல்லை எடுத்தால் பதினொரு மிஸ்டு கால். எல்லாம் அண்ணாச்சி. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

சுபாவுக்கு நாள் வருவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தைக்குத் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேசன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்சூரன்சில் பாதிதான் வருமாம், மீதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். கொண்டுபோன திர்ஹாம் பிள்ளைக்கும் தாய்க்கும் சாமான் வாங்கியதிலேயே தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் போன் கிடைக்கவில்லை. அண்ணாச்சி கார்டை நீட்டியிருக்கிறார், ஓடவில்லை. மறுபடி நீட்டியிருக்கிறார், மறுபடியும் ஓடவில்லை. டெபாசிட்டும் வாடகையும் கூடுதல் வாடகையும் போக, கார்டில் மிச்சமிருந்தது அந்தப் பில்லுக்குக் காணாது.

டெபாசிட்டை விடச் சொல்லலாம் என்றால், கார் கம்பெனியில் டெபாசிட்டைப் பார்க்கிற பிரிவு இனி திங்கட்கிழமைதான் திறக்கும். வெயிலில் நடுத்தெருவில் நின்றுகொண்டு நான் என்னென்னவோ உளறினேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடங்கிய குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என் பணம் என்ட்டயேதான் இருக்குன்னீகளே பாய், பிறகு ஏன் எடுக்க வரல?"

ஒரு லிங்க்

ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். பாண்டியம்மாளிடம் விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண்ணிடமே பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு மலையாளம் தெரிந்தது, பாண்டியம்மாளுக்குத் தமிழ் தெரிந்தது, இரண்டு பேரும் எப்படியோ பேசிக்கொண்டார்கள். வேறு ஆள் கார்டிலும் கட்டலாம், செல்லுக்கு ஒரு லிங்க் அனுப்புவார்கள் என்று தெரிந்தது. லிங்கும் வந்தது.

இங்கே நான் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். லிங்கைத் திறந்து தொகையைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. பெரிய தொகை. என் கார்டில் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் அடுத்த வாரம் டிக்கெட் எடுக்க வேறு வழி இருக்காது. கத்தி வைக்கப் போகிற நேரத்தில் நான் கணக்குப் பார்த்தேன், அவமானம்தான், என்ன செய்ய. பாண்டியம்மாள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

கார்டைக் கொடுத்தேன். முதல் தடவை ஓடவில்லை. வெளிநாட்டுச் செலவை நானே பேங்க் ஆப்பில் அடைத்து வைத்திருந்தேன், அதை அவள்தான் திறந்துவிட்டாள். இரண்டாவது தடவை ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். பெண் குழந்தை, இரண்டு பேரும் நல்லா இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு என் காதில் தங்கிப்போனது, கார்டை நீட்டாமல் நான் உட்கார்ந்திருந்தபோது பாண்டியம்மாள் சொன்னதுதான்: "அங்கன ஒரு பிள்ள வயித்தோட படுத்துக் கெடக்கா பாய். நீங்க பிறகு யோசிங்க, கார்ட முதல்ல எடுங்க."

மாரியம்மாள் சொன்னது

டெபாசிட், வண்டியைக் கொடுத்துப் பத்தொன்பதாவது நாள் விடுபட்டது. ஒரு அபராதம்கூட வரவில்லை, முழுசாகத் திரும்பியது. அதற்குள் மாப்பிள்ளை கரைக்கு வந்து, நான் கட்டிய பணத்தை எனக்கு அனுப்பிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இருந்தேன்.

ஊர் திரும்பியதும் அண்ணாச்சியும் மாரியம்மாளும் பேரீச்சம்பழப் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார்கள். அண்ணாச்சி செல்லில் பேத்தியின் படத்தைக் காட்டினார். என்னைத் தெய்வம் மாதிரி என்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. சரி, அந்த மூன்று வார விசயம் எனக்கு முன்னாலேயே தெரியும், மறைத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்து வெளியே எழுந்து போய்விட்டார். மாரியம்மாள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, புக்கிங் தாளை என் பக்கம் நகர்த்தினார். பொடி எழுத்தில் இருந்த அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. மகள் படித்துச் சொன்னாளாம்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கம்பெனி வெடிச்ச அன்னைக்குக்கூட அவுக அழுது நான் பாத்ததில்ல. அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல கார்டக் கையில வச்சுக்கிட்டு அழுதாக. மூணு வாரம் ஆகும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா, நாங்க டாக்சியிலயே போயிருப்பம் பாய்."

இப்போதெல்லாம் கார் வேண்டும் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள், போகிறவர்களுக்கு டாக்சி நம்பரையும் நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.