கிணற்றடியில் நின்றவள்

பேய், பிசாசு, சாமி வந்து ஆடுவது, இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் எங்கள் தெருவில் ஒருத்திக்குச் சாமி வந்தால், நான் அவள் கொண்டை அவிழ்கிறதா என்று வேடிக்கை பார்க்கிற ரகம். நீங்கள் நம்பினால் நம்புங்கள், இந்தக் கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்தாலும் எனக்கொன்றும் குறைந்துவிடாது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அப்போது திருவனந்தபுரத்தில் வலியசாலைப் பக்கம் குடியிருந்தோம். திருவிதாங்கூர்-கொச்சி என்று இருந்த காலம், கேரளம் என்ற மாநிலம் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை. ஒரு பெரிய வீட்டை நடுவில் தடுத்து ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் நீலம்மக்கா. பின்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. நீலம்மக்காவின் பூர்வீகம் நாஞ்சில்நாடு, ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நல்ல மனசு.

எங்கள் கோமதிக்கு அப்போது நாலு வயசு, கோமு என்றுதான் கூப்பிடுவோம். மழை தொடங்கினால் அவளுக்கு இருமல் தொடங்கும், மழை விட்டாலும் இருமல் விடாது. பகலெல்லாம் லொக்கு லொக்கென்று இருமுவாள், படுக்கவைத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம், அதனால் படுக்கவே வைக்காமல் தோளில் சாய்த்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பேன். புகை ஆகாது என்று அடுப்பைப் பின்தாழ்வாரத்துக்கு மாற்றினேன். ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை, வெற்றிலைச் சாறு, யார் எதைச் சொன்னாலும் கொடுத்தேன். சொல்கிறவர்களுக்கு என்ன, அந்தக் கசப்பை வாயில் ஊற்றும்போது பிள்ளை பார்க்கிற பார்வையை நானல்லவா பார்க்க வேண்டும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்துமாவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வளர வளரத்தான் தெரியும் என்றார். வளர வேண்டுமே ஐயா என்று எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

நீலம்மக்காதான் ஒருநாள் புதுக் கயிறும் புதுப் பாளையும் கொண்டுவந்து எங்கள் சுவர் ஆணியில் மாட்டினாள். பாளை என்றால் கமுகம்பாளையை மடித்துத் தைத்த வாளி, அங்கெல்லாம் தண்ணீர் இறைப்பது அதில்தான். மூச்சுமுட்டு உள்ள பிள்ளைக்காக அம்பலத்துக் கிணற்றுக்கு, அதாவது கோவில் கிணற்றுக்கு, பாளையும் கயிறும் நேர்ந்துகொள்வது அந்த ஊர் வழக்கம். பூசை செய்கிற போத்தி அதில் தண்ணீர் இறைத்து அம்மனுக்கு அபிஷேகம் செய்வார். பிள்ளையின் இழுப்பும் அதோடு போய்விடுமாம். அதுவரைக்கும் அந்தப் பாளை வேறு கிணற்றுத் தண்ணீரைத் தொடக்கூடாது. எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் தொங்கிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

இதில் எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரருக்கு ஆணியில் தொங்குகிற கயிறு வெறும் கயிறுதானே! ஒரு ஆடி மாதக் காலையில் குளிக்கப் போனவர், கிணற்றுக் கயிறு இற்றுப்போயிருக்கிறது என்று அதை அறுத்துத் துணி உலர்த்தக் கொடி கட்டிவிட்டு, ஆணியில் தொங்கினதைக் கொண்டுபோய்க் கிணற்றில் மாட்டி, மொண்டு மொண்டு ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருக்கிறார். நீலம்மக்கா பார்த்தாள், அவ்வளவுதான்.

"எளா கோமு அம்மா, இங்க ஓடி வா! உன் மாப்பிள்ளைக்கு வல்ல வெளிவும் புத்தியும் உண்டா? அம்பலத்துக்கு நேர்ந்த பாளையிலல்லா வெள்ளம் கோரிக் குளிக்காரு!"

அவர் தலையில் சொம்புத் தண்ணீரோடு விழித்தார். "எனக்கு என்னத்தத் தெரியும் அக்கா? கயிறு இத்துப்போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டியிருக்கீங்கன்னுல்லா நெனச்சேன்."

"நெனச்சீரு! பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு நேர்ந்தது, நீரு குளிக்கதுக்கா?" என்று அக்கா கயிற்றையும் பாளையையும் அவிழ்த்துச் சுருட்டி, ஓலைக்குடையை எடுத்துக்கொண்டு, பகவதியிடம் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன் என்று அந்தத் தூறலில் கரமனை அம்பலத்துக்குக் கிளம்பிவிட்டாள். இவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரும்போது வேறு கயிறு வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போனார்.

மத்தியானம் மழை பிடித்தது பாருங்கள், எதிர்வீடு தெரியவில்லை. தெருவில் ஆறாக ஓடுகிறது. அந்த நேரம் பார்த்துக் கோமுவுக்கு இழுப்பு வந்தது. முன்பெல்லாம் வந்தது போல இல்லை, கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வருகிறது, உதட்டில் நிறமே இல்லை, அழக்கூட மூச்சு இல்லாமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்க்கிறாள். டாக்டர் மருந்து கொடுத்தேன், கக்கிவிட்டாள். வாசலில் நின்று கத்தினேன், மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. என் பிள்ளை என் கையிலேயே போகப்போகிறது என்று நினைத்தேன். 

தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது.

யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள். அவசரமே இல்லாத இறைப்பு. கிறீச் கிறீச்சென்று மேலே வரும், கொஞ்சம் நிற்கும், சளாரென்று தரையில் கொட்டும், மறுபடி இறங்கும். மழைக்குள் பார்த்தால் ஒரு பெண், மலையாளத்துப் பெண்கள் உடுத்துகிற வெள்ளை முண்டும் நேரியதும், முதுகு காட்டி நிற்கிறாள், முடி இடுப்புக்குக் கீழே கிடக்கிறது. பக்கத்தில் குடமும் இல்லை, தவலையும் இல்லை. இறைத்து இறைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கிறாள். எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். யார் நீ என்று கேட்கவும் தோன்றவில்லை. புதுக் கயிற்றின் வாசனை வந்தது. மழைச் சத்தம் எங்கேயோ தூரத்தில் பெய்வது மாதிரி ஆகிவிட்டது, தாழ்வாரம் முழுக்க ஒரு பச்சை வெளிச்சம், என் கை கால் எல்லாம் கனமில்லாமல் கிடக்கிறது.

அப்புறம் தோளில் உணர்ந்தேன். கப்பி ஏறும்போது கோமுவின் நெஞ்சும் ஏறுகிறது. தண்ணீர் கொட்டும்போது மூச்சு வெளியே வருகிறது. அந்தப் பெண் நிதானமாகக் கயிற்றை இழுக்க இழுக்க, பிள்ளையும் நிதானமாக மூச்சை இழுத்தது. நெஞ்சுக்குள் கத்திய சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றே போனது. நானும் எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது.

"அம்மா, பசிக்கி" என்று கோமு கன்னத்தைத் தட்டி எழுப்பினாள். மழை விட்டு மஞ்சள் வெயில். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாய் திறந்து பசி என்று கேட்கிறது! கட்டிக்கொண்டு அழுதேன்.

நீங்கள் இப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு, இவர் தோளில் கயிற்றுச் சுருளோடு வாசலில் வந்து நிற்கும் வரைக்கும் உறைக்கவில்லை. கிணற்றில்தான் கயிறே இல்லையே! ஓடிப்போய்ப் பார்த்தேன், வெறும் கப்பி மட்டும் தொங்குகிறது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுக் கப்பியா இருக்கும்ட்டி, நீ உறக்கமில்லாம கெடக்க, கண்ணு அப்படித்தான் காட்டும்" என்றார்.

பின்னாலேயே நீலம்மக்கா, தெருத் தண்ணீரில் நனைந்த சேலைக் கரையைப் பிழிந்துகொண்டு வந்தாள். "மழை தோரவே இல்ல மக்கா, அம்பலத்துலயே இருந்துட்டேன். போத்தி ஏசல கேட்டியா, அப்பன் செய்த தோஷமெல்லாம் பிள்ளையளுக்கு இல்லன்னு சொல்லி, அந்தப் பாளையைக் கெட்டிக் கோரிக் கோரி ஊத்தினாரு. மத்தியானம் உச்ச தொட்டு மழை விடுதது வரை ஊத்தினாரு" என்றாள். 

அதற்குப் பிறகு கோமுவுக்கு இழுப்பு வரவில்லை. எத்தனையோ மழை நனைந்திருக்கிறாள், ஐஸ்கூடத் தின்றிருக்கிறாள், ஒன்றும் இல்லை. டாக்டர், நான்தான் சொன்னேனே, வளர வளரப் போய்விடும் என்றார். போகட்டும், அவர் பெருமை அவருக்கு.

இதுவரை நான் பலபேரிடம் சொன்ன கதை. ஒன்றை மட்டும் அவரிடம்கூடச் சொன்னதில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கண்ணயர்வதற்கு முன்னால் அந்தப் பெண் பேசினாள். திரும்பாமலே, கயிற்றை விடாமலே, "இனி இவளெ ஞான் நோக்கட்டே?" என்று கேட்டாள். இனிமேல் இவளை நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று. பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. அந்த நேரத்தில் எந்தத் தாய் என்ன சொல்வாள்? "பாத்துக்கிடு தாயே" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கோமு நன்றாக இருக்கிறாள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது, என் மேல் உயிரையே வைத்திருக்கிறாள், குறை சொல்லவே முடியாது. ஆனால் அன்றிலிருந்து, நான் கூப்பிட்டால் நேரே வரமாட்டாள். முதலில் யாருமில்லாத பக்கமாக ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள். ஏன் அங்கே பார்க்கிறாய் என்றால், நான் எங்கே பார்த்தேன் என்கிறாள், அவளுக்கே தெரியவில்லை. போன வாரம்கூடக் காபி ஆறுகிறதே என்று கூப்பிட்டேன். மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். யாரோ சரி என்று சொன்னது போல லேசாகத் தலையசைத்தாள். அப்புறம்தான் என்னிடம் வந்தாள்.