சிவப்பு மண்டலத்தில் ஒரு மெட்டி

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். எங்கள் ஊரான பாலோவில் காலை பத்து மணிக்குப் பிடித்த மழை விட்டபாடில்லை. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த முறுக்கை டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்தவள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள். மூன்றாம் முறை அவள் வெளியே எடுக்கத் தொடங்கியபோது நான் செய்தித்தாளைக் கீழே வைத்தேன்.

"என்னம்மா பண்றே?"

"பிள்ள சிங்கப்பூருக்குக் கொண்டு போவணும்ல?"

எங்கள் மகள் முந்தின நாளே சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டாள். முறுக்கையும் கொண்டுபோய்விட்டாள்.

நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு இருபத்தெட்டு. அவள் காலுறையைக் கழற்றியபோது காரணம் தெரிந்துவிட்டது. இடது காலின் இரண்டாம் விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வருடமாகச் சர்க்கரை வியாதி. கால் மரத்துப் போனதால் புண் வந்தாலும் வலிக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பசியாறி முடித்ததும் அவள் காலை என் முழங்கால்மேல் வைத்துப் பத்து விரலையும் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். "மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் மாதிரி" என்று ஒவ்வொரு வாரமும் அலுத்துக்கொள்வாள். அந்த ஞாயிறு தீபாவளி. வந்து போனவர்கள் நாற்பத்து மூன்று பேர். தரை சில்லென்று இருக்கிறது என்று காலையிலேயே அவள் காலுறை மாட்டிக்கொண்டாள். எட்டு நாள் யாரும் அந்த விரலைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து திரும்பும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நானே காரை எடுத்தேன். இருபுறமும் செம்பனை மரங்கள் மழையில் கரைந்து போயிருந்தன. தூங்கவிடக் கூடாது என்பதற்காக, எதிரே வரும் லாரிகளை எண்ணச் சொன்னேன்.

"நீங்க எண்ணுறது பத்தாதுன்னு இப்ப நானும் எண்ணணுமா?" என்றாள். நாக்கு குழறியது. ஆனாலும் அந்தக் குத்தல் எனக்குத் தெம்பாக இருந்தது.

நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவு எனக்குப் புதிதல்ல. நான் எம்.ஏ. என்று எல்லாரும் அழைக்கும் மருத்துவ உதவியாளனாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். அதில் பதினான்கு வருடம் இதே பிரிவில். கட்டடம்தான் புதிது. வாசலில் நின்ற மலாய் எம்.ஏ.விடம், பழைய பழக்கத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்: வயது அறுபத்தெட்டு, எடை ஐம்பத்தெட்டு கிலோ, சர்க்கரை, மூச்சு இருபத்தெட்டு, குழப்பம், இடது காலில் தொற்று. அவன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"அலமாக்! பாக்சிக் டுலு எம்.ஏ. கே?" முன்பு நீங்களும் எம்.ஏ.வா என்று கேட்டான். தலையாட்டினேன். அவளை நேராகச் சிவப்பு மண்டலத்துக்குக் கொண்டுபோனான். உயிருக்கு ஆபத்தான நோயாளிகளுக்கான இடம் அது.

இரத்த அழுத்தம் எழுபத்தெட்டுக்கு நாற்பது. சராசரி ஐம்பத்து மூன்று என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். உடம்பு தாங்கக் குறைந்தது அறுபத்தைந்து வேண்டும். தமிழ்ப் பெண்ணான இளம் டாக்டர் என்னிடம் வந்தார்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு செப்டிக் ஷாக். காலுல உள்ள கிருமி ரத்தத்துல ஏறி, ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து போச்சு. அதான் பிரஷர் நிக்க மாட்டேங்குது. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். தெரிந்ததுதான் தொந்தரவு. தெரியாதவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடவுளைக் கும்பிடலாம்.

இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த கையோடு கிருமிக்கொல்லி மருந்து போனது. கிலோவுக்கு முப்பது மில்லி வீதம் ஆயிரத்து எழுநூற்று நாற்பது மில்லி உப்புநீர் ஏற வேண்டும். பையைச் சுற்றிக் காற்றுப் பட்டையைக் கட்டி அழுத்தினார்கள். தண்ணீர் சொட்டவே இல்லை, கோடாக ஓடியது. அதை என்னால் எண்ண முடியவில்லை.

எங்கள் காலத்தில் எண்ணுவதுதான் வேலை. பழைய கட்டடத்தில் ஆறு கட்டில்கள், மூன்று மின்விசிறிகள், அதில் ஓடுவது இரண்டு. தோட்டப்புறத்திலிருந்து காய்ச்சல்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். உடம்பு கொதிக்கும், பாதம் பனிக்கட்டியாக இருக்கும். நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப வர ஐந்து, ஆறு நொடி ஆகும். மருந்துச் சொட்டைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணி, திருகுச் சக்கரத்தை மயிரிழை அளவு நகர்த்துவோம். கூடினால் இதயம் தறிகெட்டு ஓடும், குறைந்தால் ஆள் போய்விடுவான். சீனத் தாதி ஹொக்கியனில் எண்ணுவாள். மலாய்க்கார உதவியாளர் மலாயில். நான் தமிழில். ஒரு நாள் ஒரே சொட்டை மூவரும் எண்ணி மூன்று கணக்குச் சொன்னோம். நான்காம் முறை ஒத்துவந்தது. தப்பாக எண்ணியவர் தேநீர் வாங்க வேண்டும் என்று அன்றைக்கு வைத்த சட்டம் கடைசிவரை நடந்தது. பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழல் போட்ட தே ஓ என்ற பாலில்லாத் தேநீர், கட்டில் கம்பியில் மாட்டித் தொங்கும். அதை நோயாளியின் மருந்து என்று நினைத்து ஒரு கிழவி "இது எப்பய்யா ஏத்துவீங்க?" என்று கேட்டாள். அந்தத் தாதி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பிழைத்தவர்களைவிடப் போனவர்கள் அதிகம்தான். ஆனாலும் அந்த அறையை நினைத்தால் எனக்குத் துக்கம் வருவதில்லை. ஏன் என்று தெரியவில்லை. அப்போது எங்களுக்கு முப்பது வயது, அதுவாக இருக்கலாம்.

முழுத் தண்ணீரும் ஏறியும் அழுத்தம் எண்பத்திரண்டைத் தாண்டவில்லை. குழாய்களை இறுக்கும் மருந்தை இயந்திரத்தில் பூட்டினார்கள். அதுவே எண்ணிக்கொண்டது. டாக்டர் காலைப் பார்த்தார்.

"மெட்டிய வெட்டணும் அங்கிள். வீங்க வீங்க விரலுக்கு ரத்தமே போகல. உள்ள சீழ் வேற இருக்கு."

இவ்வளவு நேரம் கண்மூடிக் கிடந்தவள் காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"தொடாதீங்க! எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு!"

மலாய் எம்.ஏ.வுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. கணவன் இறந்தால்தான் மெட்டியை எடுப்பார்கள். நாற்பத்தெட்டு வருடத்தில் அவள் அதை ஒரு முறைகூடக் கழற்றியதில்லை. பிரசவத்துக்கும் போட்டுக்கொண்டே போனாள்.

"ஆன்ட்டி, அங்கிள் இங்கதான் நிக்கிறாங்க, பாருங்க."

"நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஒண்ணும் தெரியாது."

மறுபடி காலை உதறினாள். ஊசி பிடுங்கிக்கொள்ளும்போல் இருந்தது. நான் அவள் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"இந்தா பாரு. நான் செத்தா போயிட்டேன்?"

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "சட்டை பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க," என்றாள்.

"சரி, போட்டுக்கிறேன். மெட்டிய எடுத்துரலாமா?"

"போட்டவங்க எடுத்தா எடுக்கட்டும். வேற யாரும் தொடக் கூடாது."

டாக்டர் எம்.ஏ.வைப் பார்த்தார். எம்.ஏ. எனக்குக் கையுறை நீட்டினான். மோதிரம் வெட்டும் கருவி மாறவே இல்லை. சதைக்கும் வளையத்துக்கும் நடுவே நாக்கை நுழைத்து, பல்சக்கரத்தைத் திருக வேண்டும். இருபது வயதில் கல்யாணப் பந்தலில் அம்மிமேல் அவள் வைத்த கால் இது. அன்று கூச்சத்தில் விரலை மடக்கிக்கொண்டாள், மெட்டி ஏறவில்லை. "நீட்டு" என்றேன். அதுதான் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. இப்போதும் "நீட்டும்மா" என்றேன். நீட்டினாள்.

சக்கரத்தைத் திருகினேன். எம்.ஏ. என் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டான். வளையம் பிளந்ததும் கீழிருந்து சீழ் வழிந்தது. டாக்டர் புண்ணைத் திறந்து கழுவினார். நான் திரையைப் பார்த்தபடி நின்றேன். எண்பத்து நான்கு. எண்பத்தெட்டு. மறுபடி எண்பத்தைந்து. மாலை ஆறு மணிக்கு மழை ஓய்ந்தபோது தொண்ணூற்று நான்குக்கு ஐம்பத்திரண்டு. சராசரி அறுபத்தாறு.

"அங்கிள், இப்பவாச்சும் போய்ச் சாப்பிடுங்க. பிரஷர நாங்க பாத்துக்கிறோம்."

போகவில்லை. அந்த அறுபத்தாறை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

மறுநாள் காலை அறுவை சிகிச்சையில் அந்த விரலை எடுத்தார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள், வார்டில் ஒன்பது நாள். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, ஏன் சொல்லவில்லை என்று இருவரையும் சரிசமமாகத் திட்டினாள். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கேட்காமலே காலைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்தாள்.

"எண்ணுங்க. இனி ஒம்போதுதான். சீக்கிரம் முடிஞ்சிரும்."

மூன்றாம் விரலுக்குப் புதிய மெட்டி வேண்டும் என்றாள். டாக்டர் சம்மதிக்கவில்லை. இருவரும் பேரம் பேசி, திருகினால் அகலும் திறந்த மெட்டிக்கு ஒத்துக்கொண்டார்கள். இரவில் கழற்றி வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கழற்றுவது என் வேலை. கழற்றும்போதெல்லாம், "இருக்கீங்கதானே?" என்று கேட்பாள்.

அரசாங்க ஓய்வூதியக்காரன் என்பதால் மருத்துவமனையில் எங்களுக்குக் கட்டணம் இல்லை. கார் நிறுத்தியது, பெட்ரோல், அவளுக்கென்று செய்த செருப்பு, மெட்டி, அவ்வளவுதான். கூட்டிச் சொன்னபோது, "பொண்டாட்டி உசுரு இவ்ளோ மலிவா?" என்றாள். இரண்டு முறை சரிபார்த்தேன், அவ்வளவுதான் வந்தது: முந்நூற்று நாற்பத்து நான்கு ரிங்கிட் நாற்பது சென்.