ஆண் துணை இல்லை என்று எழுதியவர்

ஓய்வூதிய அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'செருப்பு சார்'. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர் யாரும் இல்லை. அவருக்கும் அது தெரியும். கோபப்பட்டாரா என்றால் இல்லை, உள்ளூரப் பெருமைதான். மனிதனுக்கு எதில்தான் பெருமை வரும் என்று ஒரு வரைமுறையே கிடையாது.

அரசு ஊழியர் ஒருவர் இறந்துபோனால் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அந்த மனைவி மறுபடி கல்யாணம் செய்துகொண்டால், அல்லது கல்யாணம் இல்லாமலே ஒருவரோடு குடும்பம் நடத்தினால், நின்றுவிடும். அன்றைய சட்டம் அது. இதற்கெல்லாம் மேலே மேற்பார்வைக் குழு என்று ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை கூடி, பணம் எங்கே ஒழுகுகிறது என்று அலுவலகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டும். ஓர் ஆண்டு அவர்கள் கேட்டார்கள்: இந்தப் பெண்கள் எல்லாரும் தனியாகத்தான் இருக்கிறார்கள் என்று யாராவது நேரில் போய்ப் பார்த்தீர்களா? யாரும் பார்த்திருக்கவில்லை. பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தட்டச்சு மேசையில் உட்கார்ந்தபடியே அடுத்த மேசைக்காரர் வீட்டுச் சண்டை வரை தெரிந்துவைத்திருந்த இவர் எல்லார் கண்ணிலும் பட்டார்.

வேலை அவருக்காகவே செய்து வைத்ததுபோல் பொருந்திவிட்டது. கண்கொத்திப் பாம்பு தோற்றது. போனதும் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பார். ஆண் செருப்பு இருந்தால் அளவைப் பார்ப்பார். பிறகு தண்ணீர் கேட்டு உள்ளே போவார். குடித்துவிட்டு, "கை கழுவிக்கறேன்" என்று குளியலறைக்குப் போய்ச் சவரக்கத்தி, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் பார்த்துவிட்டு வருவார். கொடியில் காயும் துணி, அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் அளவு எதுவும் தப்பாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேலை இன்னும் சுலபம். "மாமா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் போதும், குழந்தை பொய் சொல்லாது. குழந்தை வாயைக் கிளறிக் குடும்பத்தின் சோற்றில் மண் போடுவதற்குத் திறமை என்றுதான் அலுவலகத்தில் பெயர்.

இவர் அறிக்கையால் எத்தனையோ பெண்களுக்குப் பணம் நின்றது. இரவுச் சாப்பாட்டின்போது அதையெல்லாம் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். பிறகு, "குழம்பு ஊத்தட்டுமா?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தாள்.

ஆனால் ஒரு வீட்டில் மட்டும் அவர் மனம் இளகியது உண்டு. குடிநீர் வாரியத்தில் பம்ப் ஓட்டியவரின் மனைவி அவள். கணவன் போனபின் வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டு, ஒரே மகளைப் படிக்கவைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டு தடவை போயும் ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் தடவை புத்திசாலித்தனமாகப் பின்பக்கச் சந்து வழியாகப் போனார். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கொல்லைச் சுவரின் மேல் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் என்று உட்கார்ந்து, ஆணியில் மாட்டிய கால்சட்டையை விடுவிக்கப் போராடிக்கொண்டிருந்தார். கையில் மின்சார வேலை செய்பவரின் பை. இவர் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. மகளின் பள்ளிப் பை மேசைமேல் கிடந்தது. அதைப் பார்த்ததும் இவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. போனால் போகட்டும், எழுத வேண்டாம் என்று முடிவு செய்தார். செய்தவர் சும்மா வந்திருக்கலாம். தனக்குத் தெரியும் என்பதைத் தெரியப்படுத்தாமல் வந்தால் அவர் செருப்பு சார் இல்லையே! கொல்லைப்புறம் பார்த்து, குரலை உயர்த்திச் சொன்னார்:

"சுவர் ரொம்ப உசரம்மா. வயசான காலத்துல விழுந்து வெச்சா கட்டுப் போடறதுக்கே பென்ஷன் பத்தாது. ஒரு ஏணி வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அறிக்கையில் 'ஆண் துணை இல்லை' என்று எழுதினார். அதன் பிறகு எத்தனையோ நாள், அலுவலகத்திலும் உறவினர் வீடுகளிலும், நாற்காலி முதுகில் ஒரு காலைப் போட்டு, மாட்டிய கால்சட்டையை இழுத்து நடித்துக் காட்டியிருக்கிறார். யார் வீடு என்று மட்டும் சொன்னதில்லை. அந்த மட்டுக்கும் கெட்டிக்காரர்.

இப்படியே போய் அவர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தபோது சட்டம் மாறியது. சட்டமன்றத்தில் யாரோ ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, செத்துப்போன ஊழியரின் மனைவி மிச்ச வாழ்நாளை யாரோடு கழிக்கிறாள் என்பது அரசாங்கத்துக்கு எதற்கு என்று கேட்டாராம். மறுமணம் செய்தாலும் இனி ஓய்வூதியம் நிற்காது, நிறுத்தப்பட்டவர்களுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும், பழையதைக் கிளறி யாரிடமும் எதுவும் வசூலிக்கக் கூடாது என்று திருத்தம் வந்தது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள்.

பிரிவுத் தலைவர் இவரைக் கூப்பிட்டார். "எந்தக் கதவு எங்க இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்? போய் வாங்கிட்டு வந்துடுங்க."

"வேற யாரையாவது அனுப்பலாமே சார்."

"ஏன், நிறுத்தறதுக்குப் போனப்ப இல்லாத கூச்சம் குடுக்கறதுக்குப் போறப்ப வருதா?"

வந்தது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது என்று தெருமுனையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முதல் வீடு, பேருந்து நடத்துநராக இருந்தவரின் மனைவி வீடு. கதவைத் திறந்தவள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்த ஆள் வந்திருக்கார். இந்தத் தடவ நீங்களே வாங்க. ஒளிய வேண்டாமாம், சட்டம் வந்திருக்காம்."

உள்ளிருந்து வந்தவர் வெகு மரியாதையாக, "வாங்க சார், செருப்ப எண்ணியாச்சா? உள்ள வந்து பிரஷ்ஷயும் ஒரு பார்வை பாத்துடுங்க" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது இவருக்கு. குனிந்த தலை நிமிராமல் பேனாவை நீட்டினார்.

அடுத்த வீட்டுப் பெண் திட்டக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டாள். இதே வீட்டில் தண்ணீர் கேட்டுத்தான் அவர் உள்ளே நுழைந்திருந்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவருக்கு, தெருவில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. இத்தனை வருஷம் இவர்கள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பொருள்களைத்தான் பார்த்திருக்கிறார்.

அப்போதுதான் தையல்காரியின் நினைவு வந்தது. பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளுக்குத்தான் நிறுத்தவே இல்லையே. எல்லாருக்கும் கெட்டவனாக இருந்தாலும் ஒருத்திக்கு நல்லது செய்திருக்கிறோம் என்று மனம் அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று, கால் தானாகவே அந்தத் தெருவுக்குத் திரும்பியது. நன்றியைத் தேடி அலைகிற மனுஷனைப்போல் பரிதாபமான பிறவி உலகத்தில் இல்லை.

தையல் இயந்திரச் சத்தம் வாசலுக்கே கேட்டது. இவரைக் கண்டதும் நின்றது. தலை நன்றாக நரைத்திருந்தது அவளுக்கு.

"என்ன பாக்கணும் சார்? பீரோவத் திறந்து காட்டவா?"

"ஐயோ, அதுக்கு வரலம்மா." அவசர அவசரமாகச் சட்டம் மாறியதைச் சொன்னார். "இனிமே நீங்க யாரோட இருந்தாலும் ஒருத்தரும் கேக்க முடியாது. அன்னிக்கும் நான் பாத்தும் பாக்காத மாதிரிதானே எழுதினேன்? உங்களுக்கே தெரியும்."

சொல்லிவிட்டுப் பரிசு வாங்க மேடையேறிய பள்ளிப் பையனைப்போல் நின்றார்.

"தெரியும் சார்" என்றாள் அவள். "நீங்க சொன்னது, சிரிச்சது எல்லாம் தெரியும். அவர் அப்ப எங்கயும் போயிடல. கால் பிசகி, சுவருக்கு அந்தப் பக்கம் அப்படியே உக்காந்திருந்தார். ஒரு வார்த்தை விடாம காதுல விழுந்திருக்கு."

இவர் கண் தானாகவே கொல்லைப்புறம் போனது. அவள் மேலே சொன்னாள்:

"சாயங்காலம் வந்தார். 'கூட வாழறவ வீட்டுக்கு வாசல் வழியா வர முடியாதவன் என்ன ஆம்பளை? கண்டவன் சிரிக்கறதுக்கு இனிமே சுவரேற மாட்டேன்'னார். அந்தப் பணமே வேணாம், வாங்க, வெளிப்படையா இருப்போம்னு நான் சொல்லியிருக்கணும். பொண்ணு படிச்சிட்டிருந்தா. எனக்கு வாய் வரல. பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டார்."

"இப்ப எங்கம்மா இருக்கார்? நான் வேணா போய்ப் பேசறேன்."

"போன மழைக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டார் சார். அவரோட அண்ணன் வீட்டுக்குப் போனேன். 'நீங்க யாரு'ன்னு கேட்டாங்க. தெரிஞ்சவங்கன்னு சொன்னேன். ஆறு வருஷம் இந்த வீட்ல என்னோட இருந்த மனுஷன். பாத்துட்டு, கூட்டத்தோட கூட்டமா வந்துட்டேன்."

அவள் அழவில்லை. மடியில் இருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க சார். 'ஆண் துணை இல்லை'ன்னுதானே எழுதினீங்க? அத மாத்தி எழுதுங்க. இருந்தார்னு எழுதுங்க. அவர் பேரையும் போடுங்க. அரசாங்கப் பேப்பர்லயாவது அவர் என் கூட இருந்ததா இருக்கட்டும். இப்பதான் அது குத்தம் இல்லையே?"

அவளுக்குக் குற்றம் இல்லை. புதுச் சட்டம் அவளை ஒன்றும் செய்யாது. ஆனால் கண்ணால் கண்டதை மறைத்துப் பொய் அறிக்கை கொடுத்த ஊழியரை எந்தச் சட்டமும் மன்னிக்கவில்லை. விசாரணை வைப்பார்கள். விசாரணை முடியும்வரை அவருடைய ஓய்வூதியம் நிற்கும். முடிந்தபின் வந்தாலும் வரும், வராமலும் போகும். இந்த விதிகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த அலுவலகத்தில் இல்லை. எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்! ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரிக்கு எதிரே தன் வீட்டு வாடகையும், மனைவியின் மருந்துச் சீட்டும் வந்து நின்றதை அவர் பார்த்தார்.

"பாக்கறேம்மா" என்றார்.

அரசு அலுவலகப் படியேறிய யாருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். கணவன் செத்த நாளிலிருந்து ஏறி இறங்கியவள், அவளுக்கா தெரியாது? "சரி சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்து துணியை ஊசிக்கடியில் வைத்தாள்.

அவர் எழுதவில்லை. பல நாள் அறிக்கைக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். கடைசி நாளன்று பிரிவுத் தலைவர் அவரை நேர்மையானவர் என்று சொல்லிச் சால்வை போர்த்தினார். கூட்டத்தில் ஒருவர், "அந்தச் சுவர்க் கதைய இன்னொரு தடவ நடிச்சுக் காட்டுங்க சார்" என்று கத்தினார். இவர் கூனிக் குறுகி, தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

அடுத்த மாதம் அவருடைய முதல் ஓய்வூதியம் வந்தது. வங்கி வரிசையில் நின்றபோது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முன்னால் நின்றவர் நகர்ந்தார். வெட்கங்கெட்டவனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, வாங்கிக்கொண்டார்.