ஆக்சிஜன் பெரியப்பா

வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு, பாடம் வேதிப்பிணைப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.எஸ்சி., பி.எட். என்று பெயருக்குப் பின்னால் எழுதிப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும் என்றிருந்தது.

தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுவதை, பத்திரம் எழுதிக் கொடுத்த நிலம் மாதிரி என்றேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அடுத்தது சகப்பிணைப்பு. புத்தகத்து உதாரணத்தை விட்டுவிட்டு, "யார் தோட்டத்துல கூட்டுக்கிணறு இருக்கு?" என்று கேட்டேன். பாதி வகுப்பு கை தூக்கியது.

"அண்ணன் தம்பிக்கு ஒரே கிணறு. ரெண்டு பேருமே என் கிணறுன்னு சொல்லலாம். அணுக்களும் எலக்ட்ரானை அப்படித்தான் சமமாப் பங்கு வச்சுக்கும்."

ஜன்னலோரத்து மாணவி எழுந்தாள். "கூட்டுக்கிணத்துல எங்க மிஸ் சமம்? மோட்டார் ஓடுற த்ரீ பேஸ் கரண்டு வாரதே கொஞ்ச நேரம். அப்பல்லாம் எங்க பெரியப்பாதான் மோட்டார் போடுறாரு."

"எங்க வீட்லயும்தான் மிஸ்!" என்றது இன்னொரு குரல். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை எதையோ குறித்துக்கொண்டார். எங்கள் கிணற்றிலும் அதே கதைதான். அதைப் போய் மறந்திருக்கிறேன்!

கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் புரிந்தது, அவள் கேட்டதும் பாடம்தான்.

"ஒரே தனிமத்தோட ரெண்டு அணு சேர்ந்தா இழுக்குற பலம் ஒண்ணுதான். ரெண்டு ஹைட்ரஜனுக்கு நடுவுல பங்கு சமம். வேற வேற தனிமம் சேர்ந்தா அப்படி இல்ல. தண்ணியில ஆக்சிஜன்தான் பெரியப்பா. ரெண்டு பக்கமும் ஹைட்ரஜன் தம்பிங்க. பங்கு வச்ச எலக்ட்ரானைத் தன் பக்கமா இழுத்து வச்சுக்கும். மொத்தமாப் பிடுங்கிக்காது."

"அப்ப எங்க பெரியப்பா ஆக்சிஜனா மிஸ்?"

"பரீட்சையில அப்படி எழுதி வச்சிராத."

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை கூப்பிட்டார். "சமம்னு சொன்னதும் தப்புன்னு குறிச்சேன். நீங்களே திருத்திட்டீங்க. திங்கக்கிழமை வந்துருங்கம்மா."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று அண்ணன் தம்பிகளில் அவர் நடுவில் உள்ளவர். அப்போதும் எங்கள் பெரியப்பாவின் மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் ஹைட்ரஜனா?"

"ஆமாப்பா."

"இருந்துட்டுப் போறேன்," என்றார் அப்பா. "மிச்சத் தண்ணியிலதான உன்னையப் படிக்க வச்சேன்."